பண்ணை வாழ்வும் குழந்தைகளின் ஆஸ்துமாவும்

கால்நடைகள் உள்ள பண்ணைகளில் வளரும் குழந்தைகளுக்கு ஆஸ்துமா, மகரந்தத்தால் வரும் தும்மல் நோய் முதலிய ஒவ்வாமை நோய்கள் குறைவாகவே வருகின்றன என்பது கடந்த முப்பது ஆண்டுகளில் மருத்துவ ஆய்வுகள் பல முறை உறுதி செய்த செய்தியாகும். இது ‘பண்ணை விளைவு’ எனப்படுகிறது. ஆஸ்துமாவைத் தமிழ்நாட்டு மக்கள் ஈளை, இழுப்பு, இரைப்பு, வீசிங் எனப் பல பெயர்களில் அழைக்கின்றனர். “கிராமத்துப் பிள்ளைகளுக்கு இழுப்பு வராது, அது பட்டணத்து நோய்” என்ற நம்பிக்கையும் பரவலாக உண்டு. இந்த நம்பிக்கையில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி, நோயுள்ள குழந்தைக்கு உரிய மருத்துவம் கிடைப்பதைத் தாமதப்படுத்துகிறது. பண்ணை விளைவு கண்டறியப்பட்ட வரலாற்றையும், தூத்துக்குடி மாவட்டம் விளாத்திகுளம் போன்ற கரிசல் வட்டாரத்துக்கு அது எந்த அளவில் பொருந்தும் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

விளாத்திகுளம் வட்டாரம்

விளாத்திகுளம் வைப்பாற்றங்கரையில் அமைந்த ஊர். 1986இல் திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட தூத்துக்குடி மாவட்டத்தின் வடபகுதியில் உள்ளது. உட்பகுதி முழுவதும் கரிசல் மண். வடகிழக்குப் பருவமழையை நம்பிக் கம்பு, சோளம், உளுந்து, பாசிப்பயறு, பருத்தி, மிளகாய், மல்லி ஆகியவை மானாவாரியாகப் பயிரிடப்படுகின்றன. கிழக்கே மன்னார் வளைகுடாக் கரையில் வேம்பார், வைப்பார் ஆகியவை பழைய முத்துக்குளித்துறை ஊர்கள். வேம்பூர், மேலக்கரந்தை, நாகலாபுரம் ஆகிய ஊர்களைச் சுற்றி வளர்க்கப்படும் வேம்பூர் ஆடு, வெள்ளை உடலில் செம்பழுப்புத் திட்டுகள் கொண்ட தனிச் செம்மறி இனமாகும்.

கரிசல் வேளாண்மையும் கால்நடையும் பிரிக்க முடியாதவையாக இருந்தன. உழவுக்கும் வண்டிக்கும் காளைகள் இருந்தன. அறுவடை முடிந்த நிலத்தில் ஆட்டுக்கிடை போட்டு உரமேற்றினர். பெரும்பாலான உழவர் வீடுகளில் மாட்டுத்தொழு வீட்டை ஒட்டியே இருந்தது. குழந்தையின் தொட்டிலுக்கும் தொழுவுக்கும் இடையே சில அடி தூரமே இருக்கும். முற்றம் சாணத்தால் மெழுகப்பட்டது. தாய் கருவுற்ற காலத்திலும் தொழுவைக் கூட்டினாள், பால் கறந்தாள். இந்த நெருக்கமே பின்னாளில் ஐரோப்பிய ஆய்வாளர்கள் தேடிக் கண்டுபிடித்த காரணியாகும்.

தொடக்கக் கால அவதானிப்புகள்

1819இல் லண்டன் மருத்துவர் ஜான் பாஸ்டாக், ஒவ்வொரு கோடையிலும் தம் கண்ணும் மூக்கும் ஒழுகி மூச்சுத் திணறுவதை ஒரு மருத்துவச் சங்கத்தில் விவரித்தார். அக்காலத்தில் இது மிக அரிய நோயாகக் கருதப்பட்டது. 1873இல் மான்செஸ்டரைச் சேர்ந்த சார்லஸ் பிளாக்லி, தம் உடலிலேயே சோதனைகள் செய்து, இந்நோய்க்குப் புல்லின் மகரந்தமே காரணம் என்று நிறுவினார். அதே நூலில் அவர் ஒரு புதிரையும் குறித்துவைத்தார். மகரந்தத்தின் நடுவே நாள் முழுவதும் உழைக்கும் உழவர்களுக்கு இந்நோய் மிக அரிதாக இருந்தது. கல்வி கற்ற நகரத்தாரிடமே அது மிகுதியாகக் காணப்பட்டது. உழவர்கள் மகரந்தத்தோடு தொடர்ந்து பழகியதால் அதைத் தாங்கும் தன்மை பெற்றிருக்கலாம் என்பது அவர் முன்வைத்த விளக்கங்களில் ஒன்று. இந்தப் புதிர் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பெரிதும் கவனிக்கப்படாமல் கிடந்தது.

ஸ்டிராக்கனும் தூய்மைக் கருதுகோளும்

1989இல் டேவிட் ஸ்டிராக்கன் என்ற பிரித்தானிய நோய்ப்பரவல் ஆய்வாளர் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். 1958 மார்ச் மாதத்தின் ஒரே வாரத்தில் பிறந்த 17,414 பிரித்தானியக் குழந்தைகளின் பதிவுகளை அவர் ஆராய்ந்தார். வீட்டில் அண்ணன், அக்கா எண்ணிக்கை கூடக்கூட, இளைய குழந்தைக்கு மகரந்தத் தும்மல் நோய் வரும் வாய்ப்புக் குறைந்தது. மூத்த பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுவரும் தொற்றுகள் இளைய குழந்தையைப் பாதுகாக்கலாம் என்றும், குடும்பம் சிறுத்துத் தூய்மை கூடியதால் ஒவ்வாமை பெருகியிருக்கலாம் என்றும் அவர் எழுதினார். இதுவே ‘தூய்மைக் கருதுகோள்’ எனப் பெயர் பெற்றது.

அதே ஆண்டு பெர்லின் சுவர் வீழ்ந்தது. ஒரே மக்கள் நாற்பது ஆண்டுகள் இருவேறு வாழ்க்கை முறைகளில் வாழ்ந்திருந்ததால், அவர்களை ஒப்பிட மருத்துவர்களுக்கு வாய்ப்புக் கிடைத்தது. மியூனிக் நகரக் குழந்தை மருத்துவர் எரிகா ஃபான் மூட்டியஸ், நிலக்கரிப் புகை மண்டிய லைப்சிக் முதலான கிழக்கு ஜெர்மானிய நகரங்களில் ஆஸ்துமா மிகுந்திருக்கும் என எதிர்பார்த்தார். 1992இலும் 1994இலும் வெளியான முடிவுகள் வேறாக இருந்தன. கிழக்கில் மூச்சுக்குழல் அழற்சி மிகுதி. ஆனால் ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் மேற்கு நகரமான மியூனிக்கில்தான் மிகுதி. காற்று மாசு நுரையீரலைக் கெடுப்பது உண்மை. ஆயினும் ஒவ்வாமைப் பெருக்கத்துக்கு வேறு காரணம் இருக்க வேண்டும் என்பது இதனால் தெளிவாயிற்று.

ஆல்ப்ஸ் மலைப் பண்ணைகள்

அடுத்த தடயம் சுவிட்சர்லாந்தின் கிராப்ஸ் என்ற சிற்றூரிலிருந்து வந்தது. அங்குப் பள்ளி மருத்துவராக இருந்த மார்க்குஸ் காஸ்னர், தாம் சோதிக்கும் மாணவர்களில் உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மகரந்த நோய் குறைவாக இருப்பதைக் கவனித்தார். அவருடைய அவதானிப்பைப் பின்தொடர்ந்து 1999, 2000 ஆண்டுகளில் சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா, ஜெர்மனியின் பவேரியா ஆகிய இடங்களில் ஆய்வுகள் நடந்தன. ஒரே கிராமத்தில் பண்ணை வீட்டில் வளரும் குழந்தைகளும் பண்ணையில்லா வீட்டில் வளரும் குழந்தைகளும் ஒப்பிடப்பட்டனர். காற்றும் நீரும் பள்ளியும் இரு சாராருக்கும் ஒன்றே. எனினும் பண்ணைக் குழந்தைகளிடம் ஒவ்வாமை குறைவாகவே இருந்தது. பாதுகாப்புக்குக் ‘கிராமக் காற்று’ காரணமன்று என்பதை இது காட்டியது.

2001இல் லான்செட் இதழில் யோசஃப் ரீட்லர் குழுவினர் வெளியிட்ட ஆய்வு, வயதின் முக்கியத்துவத்தை உணர்த்தியது. முதல் வயதுக்குள்ளாகவே தொழுவத் தொடர்பும் பண்ணைப் பாலும் பெற்ற குழந்தைகளில் ஆஸ்துமா 1 விழுக்காடு. ஒரு வயதுக்குப் பின், ஐந்து வயதுக்குள் அத்தொடர்பைப் பெற்றவர்களிடம் அது 11 விழுக்காடு. தாய் கருவுற்ற காலத்தில் தொழுவில் வேலை செய்திருந்தால் குழந்தைக்கு ஒவ்வாமை மேலும் குறைந்திருந்ததையும் பின்வந்த ஆய்வுகள் கண்டன. 2002 முதல் ஐந்து ஐரோப்பிய நாடுகளில் கருவுற்ற தாய்மாரையே ஆய்வில் சேர்த்து, அவர்களின் குழந்தைகளைப் பிறப்பிலிருந்து தொடர்ந்து கவனிக்கும் ஆய்வும் தொடங்கியது.

2011இல் மார்க்குஸ் ஈகே குழுவினர் குழந்தைகளின் படுக்கைத் தூசியையும் அறைத் தூசியையும் ஆராய்ந்தனர். பண்ணை வீடுகளில் பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் பல வகைகளாக இருந்தன. வகைகள் கூடக்கூட ஆஸ்துமா குறைந்தது. எனவே தொற்றுநோயின் எண்ணிக்கையைவிட, தீங்கற்ற நுண்ணுயிர்களின் பன்மையே முதன்மையானது என்ற கருத்து வலுப்பெற்றது. மனிதனோடு நெடுங்காலம் உடன்வாழ்ந்த இந்நுண்ணுயிர்களைக் கிரகாம் ரூக் என்ற அறிஞர் ‘பழைய நண்பர்கள்’ என்று முன்னரே அழைத்திருந்தார்.

ஆமிஷ், ஹட்டரைட் மக்கள்

2016இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, பண்ணைகள் அனைத்தும் ஒன்றல்ல என்பதைக் காட்டியது. ஆமிஷ், ஹட்டரைட் ஆகிய இரு சமயப் பிரிவினரும் நடு ஐரோப்பாவிலிருந்து குடியேறிய உழவர்கள். மரபு வழியில் நெருங்கியவர்கள். இரு சாராரும் பெரிய குடும்பத்தினர். வீட்டுக்குள் செல்லப்பிராணிகளை விடாதவர்கள். ஆனால் ஆய்வில் ஆமிஷ் பள்ளிக் குழந்தைகளின் ஆஸ்துமா விழுக்காடு 5.2 ஆகவும், ஹட்டரைட் குழந்தைகளுடையது 21.3 ஆகவும் எடுத்துக் காட்டப்பட்டது.

வேறுபாடு வேளாண் முறையில் இருந்தது. ஆமிஷ் மக்கள் குதிரை பூட்டி உழுபவர்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் சிறு பால்பண்ணை உண்டு. தொழுவம் வீட்டருகே இருக்கும். சிறு குழந்தைகள் அங்கேயே விளையாடுவர். ஹட்டரைட் மக்கள் பொதுவுடைமையாகப் பெரும் பண்ணை நடத்துபவர்கள். எந்திரங்கள் மிகுதி, கொட்டகைகள் குடியிருப்பிலிருந்து விலகி இருக்கும். ஆமிஷ் வீடுகளின் தூசியில், பாக்டீரியாவின் புறச்சுவரில் உள்ள எண்டோடாக்சின் என்ற பொருள் 6.8 மடங்கு மிகுதியாக இருந்தது. அத்தூசியை எலிகளின் மூக்கில் செலுத்தியபோது அவற்றுக்கு ஆஸ்துமா போன்ற நிலை உண்டாவது தடுக்கப்பட்டது. ஹட்டரைட் வீட்டுத் தூசி அவ்வாறு தடுக்கவில்லை.

பாதுகாப்பு நிகழும் விதம்

பிறந்த குழந்தையின் நோய் எதிர்ப்பு மண்டலம் பயிற்சி பெறாதது. எதை எதிர்க்க வேண்டும், எதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதை அது முதல் சில ஆண்டுகளில் கற்றுக்கொள்கிறது. அப்பயிற்சி சரியாக அமையாதபோது, மகரந்தம், தூசிப்பூச்சியின் கழிவு போன்ற தீங்கற்ற பொருள்களையும் பகையாகக் கொள்கிறது. அப்போது இம்யூனோகுளோபுலின்-இ என்ற எதிர்ப்பொருள் மிகுதியாக உருவாகிறது. மூச்சுக்குழலின் உட்படலம் வீங்கி, அதைச் சுற்றிய தசை இறுகிச் சளி அடைக்கிறது. மூச்சு வெளிவரும்போது சீழ்க்கை போன்ற ஒலி கேட்கிறது. இதுவே இழுப்பு.

தொழுவத் தூசியின் நுண்ணுயிர்ப் பொருள்கள் சிறு அளவில் நாள்தோறும் மூச்சுக்குழலைத் தொடும்போது, அதன் உட்படலம் எளிதில் கொதித்தெழாத நிலைக்குப் பழகுகிறது. பெல்ஜியத்தின் கென்ட் நகர ஆய்வாளர்கள் 2015இல் இதற்கான ஒரு வழியைக் கண்டறிந்தனர். பண்ணைத் தூசி, நுரையீரல் உட்படலச் செல்களில் ஏ20 என்ற நொதியைத் தூண்டி அழற்சியை அடக்குகிறது. அந்நொதி நீக்கப்பட்ட எலிகளுக்குப் பண்ணைத் தூசி எந்தப் பாதுகாப்பையும் தரவில்லை.

தமிழ்நாட்டிலும் இந்தியாவிலும்

தமிழ்நாட்டு மண்ணுக்கும் நோய் எதிர்ப்பாற்றலுக்கும் உள்ள தொடர்பு, ஆஸ்துமா ஆய்வுகளுக்கு முன்னரே வேறொரு வழியில் தெரியவந்தது. காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி.யைச் சோதிக்க 1968இல் செங்கல்பட்டுப் பகுதியில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்ட மாபெரும் ஆய்வு தொடங்கியது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அங்குத் தடுப்பூசியால் தடுக்க முடியவில்லை. மண்ணிலும் நீரிலும் வாழும், காசநோய்க் கிருமிக்கு உறவான நுண்ணுயிர்களோடு அம்மக்கள் முன்பே பழகியிருந்ததால், தடுப்பூசியின் கூடுதல் பயன் வெளிப்படவில்லை என்பது அதற்குத் தரப்படும் முக்கிய விளக்கங்களுள் ஒன்று. குழந்தைகளுக்கு வரும் கடுமையான காசநோய் வகைகளைப் பி.சி.ஜி. தடுப்பதால், பிறந்த குழந்தைகளுக்கு அது இன்றும் போடப்படுகிறது. ஒருவர் வாழும் மண் அவருடைய எதிர்ப்பாற்றலை வடிவமைக்கிறது என்பதற்கு இந்த ஆய்வு தமிழ்நாட்டுச் சான்றாகும்.

ஆஸ்துமாவைப் பொறுத்தவரை, பெங்களூரில் குழந்தை மருத்துவர் எச். பரமேஷ் மருத்துவமனைக்கு வந்த பதினெட்டு வயதுக்குட்பட்டோரை ஆராய்ந்து வெளியிட்ட விவரங்கள் புகழ்பெற்றவை. 1979இல் 9 விழுக்காடாக இருந்த ஆஸ்துமா 1999இல் 29.5 விழுக்காடாயிற்று. மருத்துவமனைக்கு வந்தோரின் கணக்கு என்பதால் இதை ஊர் முழுமைக்கும் பொருத்த இயலாது. எனினும் வேகமாக வளரும் நகரத்தில் நோய் சென்ற திசையை இது காட்டுகிறது.

2002இல் சௌமியா சுவாமிநாதன் உள்ளிட்ட ஆய்வாளர்கள், சென்னை நகரத்தையும் தமிழ்நாட்டுக் கிராமங்களையும் சேர்ந்த 12 வயது வரையிலான 855 குழந்தைகளின் விவரங்களை வெளியிட்டனர். 6 முதல் 12 வயதினரில், எப்போதேனும் மூச்சுத் திணறல் வந்ததாகச் சொன்னவர்கள் நகரத்தில் 22 விழுக்காடு. கிராமத்தில் 9 விழுக்காடு. கிராமக் குழந்தைகளிடம் குறைவு என்பதை இந்த எண் உறுதிப்படுத்துகிறது. அதே எண் இன்னொன்றையும் சொல்கிறது. நூறு கிராமத்துப் பிள்ளைகளில் ஏறத்தாழ ஒன்பது பேருக்கு மூச்சுத் திணறல் இருந்திருக்கிறது. “கிராமத்தில் இழுப்பு வராது” என்ற நம்பிக்கை அந்த ஒன்பது பேரையும் கணக்கில் எடுப்பதில்லை.

கரிசல் ஊர்களில் நேர்ந்த மாற்றம்

விளாத்திகுளம் வட்டாரம் இன்றும் வேளாண் பகுதியே. ஆனால் பண்ணை விளைவுக்குக் காரணமான நெருக்கம் அங்குக் குறைந்துவருகிறது. டிராக்டர் வந்தபின் உழவு மாடுகள் குறைந்தன. தொழு இருந்த இடத்தில் அறை எழுந்த வீடுகள் பல. பால் பாக்கெட்டில் வருகிறது. முற்றத்தில் சாணத்துக்குப் பதில் சிமெண்டுத் தரை. நிலம் இருந்தும் மாடில்லாத வீட்டில் பிறக்கும் குழந்தையின் நிலை, ஆமிஷ் குழந்தையைவிட ஹட்டரைட் குழந்தையின் நிலைக்கே நெருக்கமானது. ‘உழவர் வீட்டுப் பிள்ளை’ என்ற பெயர் ஒன்றாக இருந்தாலும் அது மூச்சில் இழுக்கும் தூசி வேறாகிவிட்டது. வேம்பார், வைப்பார் போன்ற கடலோர ஊர்களில் மீனவக் குடும்பத்துக் குழந்தைகளுக்கு மாட்டுத்தொழுவோடு தொடர்பே குறைவு. எனவே ஒரே வட்டத்துக்குள்ளும் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே பாதுகாப்பு என்று கருத இயலாது.

பாதுகாப்புக் குறைந்த வேளையில் மூச்சைத் தாக்கும் காரணிகள் அங்குப் பல உள்ளன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட சீமைக்கருவேலம் இவ்வட்டாரத்தின் தரிசு நிலங்களையும் கண்மாய்களையும் நிறைத்துள்ளது. அதன் மகரந்தம் ஒவ்வாமையையும் ஆஸ்துமாவையும் தூண்டுவது இந்திய ஆய்வுகளில் அறியப்பட்டதாகும். அம்மரத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி சுடுவது பலருக்கு வாழ்வாதாரம். மூட்டத்தின் புகை நாள்கணக்கில் எழும். களத்தில் காயும் மிளகாய் வற்றலின் நெடியும், வயலில் தெளிக்கும் பூச்சிமருந்தும், விறகடுப்புப் புகையும் இவற்றோடு சேர்கின்றன. சென்னையில் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் தமிழ்நாட்டுக் கிராம வீடுகளில் செய்த அளவீடுகள், விறகடுப்புள்ள வீட்டில் சமைப்பவரும் அருகிலுள்ளோரும் மிகுந்த அளவில் நுண்துகள்களைச் சுவாசிப்பதைக் காட்டின. எரிவாயு அடுப்பின் பரவல் இதைக் குறைத்துள்ளது. ஆயினும் வெந்நீருக்கும் கால்நடைத் தீவனம் காய்ச்சுவதற்கும் விறகு எரிக்கும் வழக்கம் தொடர்கிறது.

தவறான புரிதல்கள்

பண்ணை விளைவு பற்றிய செய்திகள் பரவும்போது சில தவறான முடிவுகளும் உடன் பரவுகின்றன.

முதலாவது, அழுக்கு நல்லது என்பது. ஆய்வுகள் சுட்டும் நுண்ணுயிர்கள் தொழுவத்தையும் மண்ணையும் சார்ந்தவை. சாக்கடை நீர், திறந்தவெளிக் கழிப்பிடம் ஆகியவற்றின் கிருமிகள் வயிற்றுப்போக்கையும் உயிரிழப்பையும் தருபவை. கைகழுவுதல், கழிப்பறை, தூய குடிநீர், தடுப்பூசி ஆகியவற்றைக் கைவிட இந்த ஆய்வுகள் எந்தக் காரணமும் தரவில்லை.

இரண்டாவது, பச்சைப் பால் பற்றியது. ஐரோப்பிய ஆய்வுகளில் காய்ச்சாத பண்ணைப் பாலுக்கும் குறைந்த ஆஸ்துமாவுக்கும் தொடர்பு காணப்பட்டது. ஆனால் பச்சைப் பாலால் மாட்டுக் காசநோய், புருசெல்லோசிஸ் போன்ற நோய்கள் பரவும். அவ்வாய்வாளர்களும் பச்சைப் பாலைப் பரிந்துரைக்கவில்லை. பாலைக் காய்ச்சிக் குடிக்கும் தமிழர் வழக்கமே பாதுகாப்பானது.

மூன்றாவது, நோய் வந்தபின் குழந்தையைத் தொழுவத்துக்கு அனுப்பினால் குணமாகும் என்பது. பாதுகாப்பு கருவிலும் முதல் ஆண்டுகளிலும் உருவாவது. ஆஸ்துமா வந்துவிட்ட குழந்தைக்குத் தொழுவத் தூசியும் வைக்கோல் பூஞ்சையும் நோயை மிகுவிக்கக்கூடும்.

நான்காவது, மிகவும் தீங்கானது. இன்ஹேலர் பழக்கமாகிவிடும், அது கடைசிக் கட்ட மருந்து என்ற அச்சம். உலக நோய்ச்சுமை ஆய்வின் 2019ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி உலக ஆஸ்துமா நோயாளிகளில் சுமார் 13 விழுக்காட்டினர் இந்தியாவில் உள்ளனர். ஆஸ்துமா இறப்புகளிலோ 40 விழுக்காட்டுக்கும் மேல் இந்தியாவில் நிகழ்கின்றன. நோயைக் காலத்தே கண்டறியாததும், அழற்சியைக் கட்டுப்படுத்தும் உறிஞ்சு மருந்தை ஒழுங்காகப் பயன்படுத்தாததும் இதற்கு முக்கியக் காரணங்கள். உறிஞ்சு மருந்து நேரே மூச்சுக்குழலுக்குச் செல்வதால் மாத்திரையைவிடக் குறைந்த அளவே போதும்.

இரவிலும் விடியற்காலையிலும் திரும்பத் திரும்ப வரும் இருமல், ஓடி விளையாடியபின் வரும் மூச்சிரைப்பு, மூச்சுவிடும்போது சீழ்க்கை ஒலி, ஒவ்வொரு சளிக்குப் பின்னும் வாரக்கணக்கில் நீடிக்கும் இருமல் ஆகியவை ஆஸ்துமாவின் அறிகுறிகள். வீட்டில் மாடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இவை உள்ள குழந்தையை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ அழைத்துச் செல்ல வேண்டும். பேசவோ பால் குடிக்கவோ முடியாத அளவு மூச்சுத் திணறினாலும், உதடு நீலம் பாய்ந்தாலும், விலா எலும்புகளுக்கிடையே தோல் உள்வாங்கினாலும் 108 அவசர ஊர்தியை உடனே அழைக்க வேண்டும்.

இன்றைய நிலை

பண்ணைத் தூசியிலுள்ள பயன்தரும் பொருள்களைப் பிரித்தெடுத்து, பிறக்கப்போகும் குழந்தைகளுக்கு நோய்த்தடுப்பாகப் பயன்படுத்த முடியுமா என்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆராய்கின்றனர். பிளாக்லி 1873இல் குறித்த உழவர் புதிருக்கு விடை பெருமளவு கிடைத்துவிட்டது. அவ்விடை கிராமம் என்ற பெயரில் இல்லை. கைக்குழந்தைக்கும் கால்நடைக்கும் இருந்த நாள்தோறுமான நெருக்கத்தில் இருக்கிறது. அந்த நெருக்கம் குறைந்துவரும் கரிசல் ஊர்களில், இருமும் குழந்தையை நகரக் குழந்தைக்கு இணையான கவனத்தோடு மருத்துவரிடம் காட்டுவதே இவ்வாய்வுகளிலிருந்து பெறவேண்டிய முதற்பாடம்.